மேசையில் வைத்த வாள்

இரும்பை நாங்கள் கையோடு கை கொடுப்பதில்லை. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை, எதுவானாலும் கீழே வைத்துவிடுவோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். வருமா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் அவர் அந்தப் பழக்கத்தை விடாததால் மலாயாவில் ஒரு சின்ன டவுனில் வர இருந்த சண்டை வராமல் நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது எண்பத்தாறு.

இதை வெள்ளைக்காரன் ஊரில், ஹவுன்ஸ்லோவில் என் மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜப்பான் சண்டைக்குப் பிறகு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. போகட்டும், பொழுதுக்கு இங்கே குறைவில்லை.

போன ஜனவரியில் சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆபரேஷன் நடந்தது, எல்லாம் நன்றாகத்தான் செய்தார்கள். மூன்று வாரத்தில் நாலு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்துவிட்டேன். பெரிய டாக்டர் வந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்றைக்குத்தான் நான் மாட்டிக்கொண்டேன். போகலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னைக் கையேற்க ஒருவரும் இல்லை.

முதல் கூட்டம் என் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு நடந்தது. வார்டு சிஸ்டர், ஊர்க் கவுன்சிலிலிருந்து ஒரு பெண், என் மகன், பிறகு பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு அம்மாள். அந்த அம்மாள் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் நனைந்த குடை. எனக்கு இங்கிலீஷ் அறவே தெரியாது என்றில்லை. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் நின்றவள் நான். காதில் விழும், பாதி புரியும். ஆனால் என் வீட்டைப் பற்றிய பேச்சைப் பாதி புரிந்துகொண்டு பேச நான் தயாராக இல்லை. அதனால் ஆள் கேட்டேன்.

"அம்மா, இவை என்ன சொல்லினம் எண்டால், உங்களுக்கு இனி ஆஸ்பத்திரியிலை செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையாம். நீங்கள் போகலாமாம்."

"நல்லது, போறேன். யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

அவர் அதைச் சொன்னார். சிஸ்டர் கவுன்சில் பெண்ணைப் பார்த்தார். கவுன்சில் பெண் என் மகனைப் பார்த்தார். மகன் சன்னலைப் பார்த்தான்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். சிஸ்டருக்குக் கட்டில் வேண்டும், கீழே ஆட்கள் தள்ளுவண்டியில் காத்துக் கிடக்கிறார்களாம். கவுன்சில் பெண்ணுக்கு என் வீடு சரிப்படாது. மூன்றாம் மாடி, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் ஹோம் ஒன்றில் இடம் இருக்கிறது. ஆனால் ஹோமுக்குப் போகிறவள் கவுன்சில் கொடுத்த வீட்டை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், சாவியையும் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரியைக் கேட்டால் கவுன்சில் பொறுப்பு, கவுன்சிலைக் கேட்டால் குடும்பம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

குடும்பம் என்றால் என் மகன். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றும் இடத்தில் ஷிப்ட் வேலை.

"அம்மா, என் வீட்டுல எங்கம்மா இடம்? என் வீட்டுக்காரியோட அம்மா ஏற்கெனவே சின்ன ரூம்ல இருக்காங்க."

"நான் உன்கிட்ட கேட்டேனா?"

"கேக்கல. நீங்க கேக்காம இருக்கிறதுதான் பயமா இருக்கு. சாவியக் கொடுத்தீங்கன்னா எல்லாம் முடிஞ்சிரும்மா."

"முடிஞ்சிரும்னுதான் கொடுக்கல."

யாழ்ப்பாணத்து அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதையும் இங்கிலீஷிலை சொல்லவோ, இல்லாட்டி உங்கடை வீட்டுக் கதையோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு வலித்தது.

சாவி என் உள்பாடியில் ஊக்கால் குத்தியிருந்தது. ஆபரேஷனுக்குக் கழற்றினார்கள். கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டேன்.

இரண்டாம் கூட்டமும் இப்படியேதான். ஏற்றுக்கொள்ள வேண்டியது நீங்கள், இல்லை நீங்கள். நான் நடுவில் தலையணைமேல் சாய்ந்து கிடந்தேன். அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு அந்த ரெஸ்ட் ஹவுஸ் ஞாபகம் வந்தது.

ரெஸ்ட் ஹவுஸ் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் பயணம் வரும் அதிகாரிகள் தங்கும் அரசாங்க விடுதி. எங்கள் டவுனில் அது ஆற்றங்கரையில் இருந்தது. அப்பா அங்கே சமையல்காரர். ஜப்பான்காரன் பிடித்ததும் அவனுடைய கேப்டன் அங்கே குடிவந்தார். அப்பா அவருக்கும் சமைத்தார். அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வீட்டு வரிசையில், இருந்தார்கள். அந்த வாரம் தேங்காய் துருவ ஆள் வரவில்லை என்று அப்பா ஒருநாள் காலையில் என்னைக் கூட்டிப் போனார்.

அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. ஜப்பான் தோற்றது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆனால் தோற்றவன் தோற்றேன் என்று சொன்னால் போதாது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

காட்டுக்குள்ளிருந்து மூன்றரை வருஷம் சண்டை போட்ட சீனர்களின் படை, தொப்பியில் மூன்று நட்சத்திரத்தோடு, டவுனைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்களுடைய தலைவன் சின்ன ஆள், கண்ணாடி போட்டவன். அவர்களோடு பாராசூட்டில் குதித்து வந்த ஒரே ஒரு வெள்ளைக்காரத் துரை. குச்சிக் கால், அதில் முழுக்க அட்டை கடித்த தழும்பு. அவரிடம் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது. மூன்று தரப்பும் பேச ரெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார்கள், டவுனிலேயே பெரிய மேசை அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை.

எந்தப் பாஷையில் பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடைத்தெரு மலாயில்தான். ஜப்பான்காரருக்கு இங்கிலீஷ் வராது, துரைக்குச் சீனம் வராது. மீன் வாங்கும் மலாய் மூவருக்கும் வந்தது. அதனால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தேங்காய்த் துருவியோடு உட்கார்ந்திருந்த எனக்கும் புரிந்தது.

தலைவன், "வாளை என்னிடம் கொடு" என்றான்.

கேப்டன், "உன்னிடம் கொடுக்க எனக்கு உத்தரவில்லை. வெள்ளைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்" என்றார்.

துரை, "எனக்கு வாங்க உத்தரவில்லை" என்றார். ஜப்பானில் பெரியவர்கள் உட்கார்ந்து பெரிய கையெழுத்து முதலில் ஆக வேண்டுமாம். அதற்கு முன்னால் எந்த ஊரிலும் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்று வயர்லெஸில் சொல்லியிருந்தார்களாம்.

"எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்" என்றான் தலைவன்.

இதையே இரண்டு நாள் பேசினார்கள். மரவள்ளிக் கிழங்கு போவதும் வெறும் தட்டு வருவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் தலைவன், இன்று பொழுது சாய்வதற்குள் வாள் வராவிட்டால் என் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்றான். கேப்டனின் சிப்பாய்கள் வராந்தாவில் துப்பாக்கியோடு எழுந்து நின்றார்கள். அப்பா அந்த நேரம் பார்த்துக் கிழங்குத் தட்டோடு உள்ளே போனார்.

கேப்டன் அப்பாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "கோக்கி யாருடைய ஆளும் இல்லை. இவன் கையில் கொடுக்கிறேன்" என்று எழுந்தார். கோக்கி என்றால் சமையல்காரன். இடுப்பிலிருந்து வாளை உறையோடு கழற்றி, இரண்டு கையிலும் ஏந்தி அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா தட்டை வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "லெத்தா, துவான்" என்றார். கீழே வையுங்கள் ஐயா என்று அர்த்தம்.

கேப்டனின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான்.

"இரும்பு, துவான்" என்றார் அப்பா, இன்னும் மெதுவாக. "கையில் வாங்கினால் சண்டை வரும்."

முதலில் சிரித்தது குச்சிக்கால் துரைதான். சிரிப்பென்றால் மூக்கால் ஒரு சத்தம், அவ்வளவுதான். கேப்டன் வாளை மெதுவாக இறக்கி, உப்பு பாட்டிலுக்கும் கிழங்குத் தட்டுக்கும் நடுவில் வைத்தார். வைத்துவிட்டு உட்கார்ந்தார். இப்போது எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள், எடுத்து யாரிடம் கொடுக்கப் போகிறார் என்று. தலைவன் கையைக்கூட நீட்டிவிட்டான்.

"யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கலாம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, மிளகாய்ச் சம்பல் எடுத்துவர அப்பா அடுக்களைக்கு வந்துவிட்டார்.

என் அப்பா புத்திசாலித்தனம் பண்ணினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுக்களைக்கு வந்தவர் சம்பலைப் பாதி தரையில் கொட்டிவிட்டார். "ஏம்ப்பா வாங்கல?" என்று கேட்டேன். "தெரியலையே தாயி. கத்தி நீட்டினா வைக்கச் சொல்லித்தானே பழக்கம். வாய்ல வந்திருச்சு. செத்தேன்னு நெனச்சேன்" என்றார்.

ஆனால் மேசையில் என்ன ஆனது என்றால், ஒருவரும் எடுக்கவில்லை. தலைவன் எடுத்தால் கொடுக்காததைப் பறித்தவன் ஆவான், வராந்தாவில் துப்பாக்கி வெடிக்கும். துரை எடுத்தால் உத்தரவை மீறியவர் ஆவார். கேப்டனோ வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துரை ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வாள் மேசையிலேயே இருக்கட்டும். சிப்பாய்களின் துப்பாக்கியெல்லாம் பில்லியர்ட்ஸ் அறையில் போட்டுப் பூட்டி, சாவியும் வாளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெரிய கையெழுத்து ஆகும் வரை யாரும் தொடக் கூடாது. யாரும் யாரையும் நம்பாததால், மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். பேச்சைக் கேட்ட சமையல்காரனும் வெளியே போகக் கூடாது. சமையல்காரனின் மகளும்தான்.

பதினோரு நாள். வாளைச் சுற்றித்தான் அப்பா தட்டு வைத்தார், வாளைச் சுற்றித்தான் துடைத்தார். அரிசி கிடையாது, கிழங்கு, கிழங்கு, பிறகும் கிழங்கு. வாசலில் இரண்டு காவல், ஒருவன் ஜப்பான்காரன், ஒருவன் காட்டுப்படைக்காரன், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு. அம்மா தினமும் ஆறு தாண்டி வந்து சாலைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்பாள். கிட்டே விடமாட்டார்கள். தம்பியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுவாள். நான் அடுக்களைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கத்தினால் கேட்கும் தூரம்தான். கத்தக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு லாரி வந்தது, பெரிய கையெழுத்து ஆகிவிட்டதாம். அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார அதிகாரி நேரே உள்ளே வந்து, யாரையும் கேட்காமல், மறந்து வைத்த குடையை எடுப்பது மாதிரி வாளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தலைவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நான் அம்மாவிடம் ஓடினேன்.

இந்தக் கதையை ஏர்போர்ட் வேலையில் தட்டு அடுக்கும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். சம்பல் கொட்டிய இடத்தில் ரொம்பச் சிரிப்பார்கள். கேப்டனைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. எதிரிதானே, அவரைப் பற்றி என்ன நினைப்பது.

மூன்றாம் கூட்டத்துக்கு எல்லாரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். கவுன்சில் பெண் தாளைத் தயாராகவே கொண்டு வந்திருந்தார், கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டி.

"அம்மா, இண்டைக்கு முடிவெடுக்க வேணுமாம்" என்றார் யாழ்ப்பாணத்து அம்மாள். "சைன் வைச்சால் வெள்ளிக்கிழமை ஹோமுக்குப் போகலாமாம். திறப்பை மகனிட்டைக் குடுக்கட்டாம். அவர் வீட்டை வெறுமையாக்கிக் குடுப்பார்." திறப்பு என்றால் அவர்கள் பேச்சில் சாவி.

"அந்த ஹோம்ல தமிழ் பேசுறவங்க யாராச்சும் இருக்காங்களா, கேளும்மா."

கேட்டார். "இல்லையாம். ஆனால் டிவி இருக்காம்."

நான் ஊக்கைக் கழற்றினேன். விரல் ஒத்துழைக்கவில்லை, கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். மகன் கையை நீட்டினான். நான் அந்தக் கையில் வைக்கவில்லை. கட்டிலுக்கு மேல் தள்ளி வைக்கும் சக்கர மேசையில், ஜெல்லிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான் கொடுக்கல. வச்சிருக்கேன். இதுல என் வீடு இருக்கு, கூட நானும் இருக்கேன். காலை மாத்திரை, குளியல், விழுந்தா தூக்குறது எல்லாம் இதோட கோத்திருக்கு. என்னை யாரு ஏத்துக்கிறாங்களோ அவங்க எடுக்கட்டும். ஆஸ்பத்திரி இங்க நிக்குது, கவுன்சில் நிக்குது, என் புள்ள நிக்கிறான். எடுங்க."

"அம்மா, இதை இப்பிடியே சொல்லவோ?"

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

"குறைக்க ஏலாது. அது எங்கடை ரூல்."

அவர் சொன்னார். நிறுத்தி, நிதானமாக, என் குரலைப் போலவே கொஞ்சம் கனமாகச் சொன்னார். சிஸ்டர் மார்பில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். கவுன்சில் பெண்ணின் கை தாளிலிருந்து எழுந்து, பாதி வழியில் நின்று, பேனாவை எடுத்துக்கொண்டது. மகனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை அவன் மெல்ல மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"ஏம்மா இப்படி மாட்டி விடுறீங்க?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"மாட்டிக்கிட்டுக் கிடக்கிறது நான்டா."

மறுநாள் எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் வந்தார். சின்னப் பையன் மாதிரி முகம். யாழ்ப்பாணத்து அம்மாளும் வந்திருந்தார். இது என்ன மாதம், எந்த ஊர், இப்போது ராஜா யார் என்று டாக்டர் கேட்டார்.

"நான் பொறந்தப்ப ஒரு ராஜா. நடுவுல மூணரை வருஷம் ஜப்பான் ராஜா வந்துட்டுப் போனாரு. அப்புறம் ராணி. இப்ப அவங்க மகன். டாக்டருக்கு இத்தனை பேரத் தெரியுமான்னு கேளும்மா" என்றேன்.

கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். புத்தி சரியாக இருக்கிறது, இவர் சம்மதிக்காமல் வீட்டை எடுக்க முடியாது என்று எழுதினாராம். ஆனால் வீட்டுக்கு அனுப்புவதென்றாலும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சுவரில் பிடித்து நடக்கக் கம்பி பொருத்த வருகிறவனுக்குக் கதவைத் திறக்க, உதவிக்கு வரும் பெண் வராவிட்டால் போனை எடுக்க. யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

சாவியும் அப்படியே கிடந்தது, ஆறு நாள். சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் அதைச் சுற்றித் தட்டு வைத்தார்கள். மேசையைத் துடைக்க வந்த பெண் அதைச் சுற்றியே துடைத்தாள். யார் என்ன சொன்னார்களோ, ஒருவரும் தொடவில்லை.

எனக்குக் கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். எடுத்து மறுபடி குத்திக்கொண்டிருக்கலாம். நான்காம் நாள் மத்தியானம் கையை நீட்டியும்விட்டேன். விரல் பட்டது, சில்லென்றிருந்தது. எடுத்தால் என்ன ஆகும்? பழையபடி கூட்டம், பழையபடி தாள். எடுக்காவிட்டால் யாரோ எடுக்கும் வரை கிடக்க வேண்டும், எடுப்பவர் யாராகவும் இருக்கலாம். கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கேப்டனை நினைத்தேன். பதினோரு நாளும் அதே நாற்காலி. வாள் அவருக்கு எதிரே, கிழங்குத் தட்டு தூரத்தில். ஒருநாளாவது அவர் அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதைப் பார்க்காமல் சாப்பிட முடியாது, அப்படி உட்கார வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு கையையும், ஒன்றின்மேல் ஒன்றாக. அடுக்களைக் கதவிலிருந்து பார்க்கும்போது அது மரியாதை என்று நினைத்தேன். கை தானாகப் போகாமல் பிடித்து வைத்திருந்தார் என்று எழுபத்தெட்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிந்தது.

அவரை நான் பிறகு ஒரு தடவை பார்த்தேன். பிடிபட்ட ஜப்பான்காரர்களைச் சாலை வேலைக்கு விட்டிருந்தார்கள். அதே கால்வாயில் சட்டையில்லாமல் மண் வாரிக்கொண்டிருந்தார். அப்பா என் கையை விட்டுவிட்டு, இலையில் கட்டிய கிழங்குப் பொட்டலத்தைக் கால்வாய் ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் காலை என் மகன் ஷிப்ட் முடித்து, மஞ்சள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். சாவியை எடுத்தான். எடுத்துப் பார்த்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"கம்பி போட ஆளு செவ்வாய்க்கிழமை வர்றான். நான் ரெண்டு வாரம் லீவு சொல்லியிருக்கேன். அப்புறம் நாலு வேளையும் ஆள் வருவாங்க. ராத்திரில விழுந்தா எனக்குத்தான் போன் வரும்."

"சரிப்பா."

"சரிதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"கையில கொடுக்கலையே நான். சண்டை வராது."

"நாப்பது வருஷமா வந்துக்கிட்டுதானேம்மா இருக்கு" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடுப்பு வலி என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். வந்தேன் என்றால் வந்துவிட்டேன், அவ்வளவுதான். வந்த நாளிலிருந்து நான் கீழே இறங்கவில்லை. லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் நிற்கிறது. வெஸ்ட் ஈலிங் கோயிலில் தேர் இழுத்ததை மகனின் போனில்தான் பார்த்தேன். சமையலறைச் சன்னலிலிருந்து விமானத்தின் வயிறு தெரியும். அதற்குள் யாரோ அடுக்கிய தட்டு போகிறது.

சாவி என்னிடம் இல்லை. மகனிடமும் இல்லை. கதவுக்கு வெளியே சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி அடித்திருக்கிறார்கள், நாலு எண் வைத்தது. காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி, படுக்கப் போடும்போது ஒருத்தி. எண்ணைத் திருப்பி, சாவியை எடுத்து, திறந்து வந்து, போகும்போது பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத் திருகும் கடக் கடக் சத்தம் கேட்கும்போது முதுகு நிமிர்கிறது. அன்றைக்கு மேசையில் வைத்ததை இன்னும் எத்தனை பேர் எடுப்பார்கள் என்றுதான்.

போன வியாழக்கிழமை காலைக்காரி, சவுத்தாலிலிருந்து வரும் பஞ்சாபிப் பெண், அவசரத்தில் சாவியை டீக் கோப்பைக்குப் பக்கத்திலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. டீ ஆறியது. மத்தியானம் வெளியே பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. பிறகு மத்தியானக்காரி கதவை இடித்தாள்.

"ஆன்ட்டி! சாவி இல்லை! ஓகேவா இருக்கிறீங்களா? நான் ஆபிசுக்கு போன் பண்ணட்டா?" என்று இங்கிலீஷில் கத்தினாள். அது எனக்கு முழுவதும் புரிந்தது.

"வெயிட்" என்றேன்.

சாவியை எடுத்தேன். உள்பாடியில் சொருகிக்கொண்டேன். நாலு கால் கம்பியைப் பிடித்து எழுந்து, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து, கதவு வரை போனேன். தனியாக நடக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டித்தான் போனேன். உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திருகித் திறந்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க நடக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள், சாவிக்கு.

நான் அதை எடுத்துச் செருப்புத் தட்டின்மேல் வைத்தேன். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். வெளியே பெட்டிக்குள் அது விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். கதவிலிருந்து நாற்காலிக்குப் பதினான்கு எட்டு.